இசைத்தட்டுக்குப் பசை பூசிய நாட்கள்

ஏரியை ஒட்டிய கோவில்பதாகையில் தரைத்தளத்தில் குடியிருந்த எல்லோருக்கும் அந்த மழையில் ஒரே கதைதான். காலையில் வாசற்படியைத் தொட்ட தண்ணீர் மத்தியானத்துக்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. அரிசி, மிக்ஸி, சான்றிதழ்கள் இருந்த பை எல்லாவற்றையும் பரணில் ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் என் கணவரின் இசைத்தட்டுப் பெட்டி இருந்தது இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தபோது மெத்தையே மிதக்க ஆரம்பித்திருந்தது.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் அவர் அந்தப் பெட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நாற்பது தட்டுகள் இருக்கும். இருபது வருடமாக ஒவ்வொன்றாகத் தேடித்தேடிச் சேர்த்தவை. அட்டை உறைகள் கூழாகி, தட்டுகளின் மேல் ஏரிச் சேறு காய்ந்து சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது.

"எங்க கொண்டு போறீங்க?"

"காயலாங்கடைக்காரர் தெருமுனையில நிக்கிறாராம். போட்டுடலாம்."

"உடைஞ்சிடுச்சா?"

"உடையல. கழுவிப் பார்த்தேன். கோட்டுக்குள்ள சேறு இறங்கியிருக்கு. ஊசியை வெச்சா கரகரன்னு மண்ணு அரைக்கிற சத்தம்தான் வருது."

"உடையாததை எதுக்குப் போடணும்? உள்ள கொண்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

எனக்கு இசைத்தட்டுகள் மேல் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. பாட்டு கேட்க எனக்குப் போன் போதும். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறேன். நுண்ணிய பள்ளத்தில் சிக்கிய அழுக்கைச் சுரண்டி எடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். சுரண்டினால் பள்ளமே கெட்டுவிடும். பள்ளத்துக்குள் இறங்கி இறுகி, அழுக்கையும் கவ்விக்கொண்டு வெளியே வரும் பொருள் ஒன்று வேண்டும். தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை இசைத்தட்டின் மேல் பூசி, காய்ந்ததும் உரித்தெடுப்பதை ஒரு வீடியோவில் பார்த்ததும், இது சரியாக வரும் என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது.

அவருக்குத் தோன்றவில்லை. அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர் அவர். இறுக்கியதைக் கழற்ற முடியுமா என்றுதான் முதலில் கேட்பார்.

"ஒட்டுறதுக்குன்னே செஞ்ச பசை. அது எப்படி உரிஞ்சு வரும்?"

"மரத்துல ஊறும், அதனால ஒட்டும். இது பிளாஸ்டிக் மாதிரி. ஊறாது."

முதலில் யாருக்கும் வேண்டாத ஒரு தட்டை எடுத்தேன். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. ஏதோ ஒரு பெட்டியோடு சேர்ந்து வந்தது. சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தேன். நடுவில் இருக்கும் வட்டக் காகிதத்தில் படாமல் பசையை ஊற்றி, காலாவதியான என் பழைய அடையாள அட்டையால் சுற்றிச் சுற்றித் தடவினேன். தோசைக்கல்லில் மாவு இழுக்கிற அதே கை அசைவுதான். விளிம்பில் உரிப்பதற்கு ஒரு காகிதத் துண்டைப் பசைக்குள் பதித்துவைத்தேன்.

முதல் தடவை அவசரப்பட்டேன். மழைக்காலத்து ஈரத்தில் ஒரு நாளில் காயவில்லை. இழுத்தபோது பசை நூல் நூலாக அறுந்தது; பாதி தட்டிலேயே நின்றது. அவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அறுந்ததன் மேலேயே இன்னொரு பூச்சு கனமாகப் போட்டு, மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் விட்டேன். வெள்ளை முழுவதும் போய்க் கண்ணாடி மாதிரி ஆனபிறகுதான் தொட்டேன்.

இந்தத் தடவை சர்ரென்று ஒரே தோலாக வந்தது. என் கை முடியெல்லாம் எழுந்து நின்றது, அத்தனை மின்னேற்றம். உரிந்த தோலை வெளிச்சத்தில் பிடித்தால் தட்டின் கோடுகள் அத்தனையும் அதில் பதிந்திருந்தன, கோட்டுக்குக் கோடு பழுப்பு மண். தட்டோ புதிதாய் வார்த்தது போல் கறுப்பாக மின்னியது. அலமாரி உச்சியில் இருந்ததால் தப்பிய பிளேயரில் போட்டு அவர் ஊசியை வைத்தார். ஓர் ஆண்குரல், ரயில் நிலையத்துக்கு வழி எது என்று ஆங்கிலத்தில் மிகத் தெளிவாகக் கேட்டது. என் கணவர் ரயில்வேக்காரர் இல்லையா, சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளம் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அதற்கப்புறம் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. வேலைக்குப் போகும்முன் இரண்டு, வந்தபின் இரண்டு என்று பூசினேன். ஒரு பக்கம் காய்ந்து உரித்தபின்தான் மறுபக்கம். கூடம் முழுக்கக் கிண்ணங்களின் மேல் தட்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்த அவருடைய நண்பர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தங்கச்சி, ஊடு பூரா ஆப்பம் ஊத்தி வெச்சுகினு கீறே?"

அவர் பணிமனையில் என் கணவரோடு ஒரே ஷிஃப்ட். இவரை மச்சான் என்பார், அதனால் என்னைத் தங்கச்சி என்பார். உரித்த தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினோம். முடியும்வரை அசையாமல் கேட்டார். அடுத்த வாரமே ஒரு துணிப்பையில் தன் அப்பாவின் ஏழு தட்டுகளைக் கொண்டுவந்தார்.

"எங்க நைனாவோடது. பரண் மேல கெடந்து ஒரே தூசி. உன் கைராசி நல்லா கீது, நீயே பாத்துக்கோ."

அந்த ஏழில் ஒன்று மற்றவற்றைவிடச் சின்னது, ஆனால் கனமானது. தடித்த, பழைய காலத்துத் தட்டு. கையில் எடுத்தபோது பொருள் வேறு என்று என் விரல்களுக்குத் தெரிந்தது. தொழிற்சாலையில் இப்படித் தெரிந்தால் தனியாக எடுத்து வைத்து விசாரிப்பேன். வீட்டில் முப்பது தட்டுகள் தொடர்ந்து நன்றாக வந்த தைரியம், அதற்கும் பூசிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து இழுத்தபோது வரவில்லை. விளிம்பில் நெம்பினேன். பசையோடு தட்டின் மேல்பரப்பே சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கில் செய்தவையாம். பசை அதில் பிடித்துக்கொள்ளுமாம். படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பூசுவதற்கு முன் படித்திருக்கலாம்.

"நான் சொல்லிக்கறேன், நீ வராதே," என்றார் கணவர்.

"கெடுத்தது நான். நான்தான் சொல்லணும்."

அன்று சாயங்காலமே தட்டை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டியில் அண்ணனூரில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, இந்தத் தட்டை நான் கெடுத்துட்டேன். பசை போடக்கூடாத தட்டு. விசாரிக்காம போட்டது என் தப்பு."

அவர் துண்டை விரித்துப் பார்த்தார். பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்றார். "எங்க நைனா பேண்டு செட்ல கிளாரினெட் ஊதினவரு. ஒரே ஒரு தபா தட்டுல ஊதினாரு. பேரு கூட போடல. எங்க ஊட்ல இருக்கவங்களுக்குத்தான் தெரியும், அது அவருன்னு."

அழுதால் அவர்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்.

"ஒரு பக்கம்தான் பூசினேன், அண்ணா. மறுபக்கம் முழுசா இருக்கு. அதை நான் ஒழுங்கா சுத்தம் பண்ணித் தர்றேன். பசை கிடையாது. உங்க கண்ணு முன்னாலேயே செய்றேன்."

"இன்னும் நம்பச் சொல்றியா?"

"ஆமா."

அவர் தட்டை மறுபடி துண்டில் சுற்றினார். "நாயித்துக்கெழம வர்றேன்," என்று தட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு நண்பர் வந்து, தட்டை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. கொதித்து ஆறின தண்ணீரில் இரண்டு சொட்டுத் திரவ சோப்பு, குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ். கோடு போகிற திசையிலேயே, காகிதத்தில் படாமல், பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி முக்கால் மணி நேரம் செய்தேன். என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று அன்று எனக்கு முழுக்கத் தெரிந்திருந்தது.

எங்கள் பிளேயரில் பழைய தட்டுக்கென்று தனி வேகமும், திருப்பிப் போடும் தனி ஊசியும் உண்டு. கணவர் மாற்றிவிட்டு ஊசியை இறக்கினார். இரைச்சல் இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு பெண் பாடினாள். நான் நண்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில் கிளாரினெட் புகுந்தது. பத்து விநாடி இருக்கும். குழைந்து மேலே ஏறி, ஒரு சின்னச் சுற்று சுற்றி இறங்கி, பாட்டிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தது.

"அந்தப் பக்கத்துல நெறைய ஊதுவாரு," என்றார் நண்பர். "மொதல்ல அவர்தான் ஆரம்பிப்பாரு."

"தெரியும், அண்ணா. அது இனி வராது."

"வராதுதான்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மச்சான், ஊசிய மறுபடி வெய்யி."

நான்கு முறை கேட்டார். ஐந்தாவது முறை என் கணவர் அதைப் போனில் பதிவு செய்து அவருக்கு அனுப்பினார். அவர் அங்கேயே உட்கார்ந்து திருத்தணியில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பி, "யாருன்னு சொல்லு" என்று மட்டும் எழுதினார். அக்கா எழுதவில்லை, உடனே போன் செய்தார். அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசினார். நாங்கள் உள்ளேயே இருந்தோம்.

திரும்பி வந்தவர் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

"மீதி ஆறு தட்டு உன்கிட்டதானே கீது?"

"ஆமாண்ணா. ஆறும் சாதாரணத் தட்டுதான். ஒவ்வொண்ணா பார்த்துட்டேன்."

"அப்ப பூசு. நானும் கூட இருந்து பாக்குறேன்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பசை டப்பாவின் மூடியை அவரே திறந்தார்.