சேதம் எண்ணுவதற்கு முன்

கஜானி சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அந்த அறையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில், ஞாயிறு பின்னேரங்களில், வகுப்பு முடிந்த வாங்குகளை இழுத்துப் போட்டுக்கொண்டு சிலர் கடதாசி விளையாடுவார்கள். ஊரில் வழக்கமான முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் அல்ல. தீ உமிழும் நாகங்களும் மந்திரக்காரரும் கல்லுப் பூதங்களும் வரைந்த அட்டைகள். வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டிகளுக்குள் சொக்கிளேற்றோடு சேர்ந்து வந்தவை. அங்கே கணிதம் படிப்பிக்கும் கோபிசங்கர்தான் அறையைத் திறந்துவிடுவார்.

கஜானிக்குப் பட்டணத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் பிசகவே கூடாத வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, மற்றவர்கள் படங்களைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தபோது அவளுக்கு விதிகள்தான் பிடித்துப்போயின. அதிலும் சண்டைக் கட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் அது. அவள் பொறுமையாக விளங்கப்படுத்துவாள்.

"தாக்கிறவர் எந்தப் பூதத்தாலை தாக்கிறன் எண்டு முதல்லை சொல்லோணும். பிறகு மற்றவர் எதாலை மறிக்கிறன் எண்டு சொல்லோணும். அதோடை சண்டை முடிஞ்சிடாது. மறிச்சாப் பிறகு, சேதம் எண்ண முதல், ரெண்டு பேருக்கும் ஒரு இடைவெளி இருக்கு. அதுக்குள்ளை மின்னல் காட் போட்டு மற்றவரின்ரை பூதத்தை அடிக்கலாம். ரெண்டு பேரும் 'போகலாம்' எண்டு சொன்னாப் பிறகுதான் சேதம் எண்ணலாம். ஒராள் சொல்லாட்டில் மற்றவர் எண்ண ஏலாது."

ஜெனிஸை அந்த அறைக்குக் கூட்டிவந்ததும் அவள்தான். குருநகர்ப் பெடியன், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தான். தாயின் இரத்தப் பரிசோதனை முடிவை எடுக்க வந்த இடத்தில், கஜானியின் மேசையில் கிடந்த அட்டைப் பொதியைப் பார்த்துவிட்டு அது என்னவென்று கேட்டான். கேட்டு முடிக்க நேரம் எடுத்தது. அவனுக்கு வாய் திக்கும். சில எழுத்துக்களில் நாக்கு நின்றுவிட்டால் கழுத்து நரம்பு புடைத்து, கண் மூடி, பிறகுதான் சொல் வெளியே வரும். வரிசையில் நின்றவர்கள் அவனுக்காகச் சொல்லை முடித்துக் கொடுக்கப் பார்த்தார்கள். கஜானி அப்படிச் செய்யவில்லை. காத்திருந்தாள்.

அந்த விளையாட்டில் அவனுக்குப் பிடித்ததே அந்த இடைவெளிதான். எதிராளியைத் தாக்க விடுவான். நோஞ்சான் பூதம் ஒன்றை முன்னால் விட்டு மறிப்பான். எதிராளி சிரிக்கிற நேரம் பார்த்து மின்னல் அட்டையை வைப்பான். முதல் நாளே அவனுக்குப் பயம் இருந்தது, வாய் பிந்தினால் என்ன செய்வது என்று.

"நீங்கள் சொல்லி முடிக்குமட்டும் ஆட்டம் நிக்கும்," என்றாள் கஜானி. "அதுதான் விதி. ஆரும் உங்களை அவசரப்படுத்த ஏலாது."

இரண்டு வருடம் அப்படித்தான் போனது. பிறகு ஒரு மழை நாளில் அவன் அவளை மோட்டார் சைக்கிளில் வீட்டுச் சந்தியில் இறக்கிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த கிழமை அவளுடைய அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஆர் உந்தக் குருநகர்ப் பெடியன்? உனக்கு இப்ப சம்பந்தம் பேசுற நேரம். சனம் கண்டதையும் கதைக்கும்." விளையாட்டு அறையிலும் பார்வைகள் மாறின. ஜெனிஸின் மேசையில் ஏதும் பிணக்கு வந்து அதைத் தீர்க்க அவள் எழுந்து போனால் பின்னால் ஒரு செருமல் கேட்கும். அவள் கேட்காதமாதிரி நடந்தாள். ஆனால் கேட்டது.

ஆடியில் கோபிசங்கர் ஒரு சுற்றுப்போட்டி வைத்தார். நெல்லியடியிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும்கூடப் பெடியள் வந்தார்கள். கஜானி நடுவர். இறுதி ஆட்டத்துக்கு ஜெனிஸும் சிவகரனும் வந்து சேர்ந்தார்கள். சிவகரன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். வாயும் கையும் ஒரே வேகம். அட்டைகளைக் கலைத்துக்கொண்டே சொன்னான்: "ஜெனிஸ் அண்ணையின்ரை ஆட்டமெண்டால் நடுவரை மாத்த வேணுமெல்லோ?" எல்லோரும் சிரித்தார்கள். வெளியூர்ப் பெடியளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கஜானிக்குக் காது மடல் சுட்டது.

சிவகரன் தன் பெரிய நாகத்தால் தாக்கினான். ஜெனிஸ் இரண்டு சின்னப் பூதங்களால் மறித்தான். சிவகரன் நிறுத்தவில்லை. "மறிச்சாச்சு, ரெண்டும் செத்துது, மிச்சச் சேதம் உங்களுக்கு, ஆட்டம் முடிஞ்சுது," என்று ஒரே மூச்சில் சொல்லி அட்டைகளை ஒதுக்கினான்.

கஜானி பக்கத்தில்தான் நின்றாள். ஜெனிஸின் விரல் ஓர் அட்டையின் மேல் போய் நின்றதை அவள் கண்டாள். வாய் திறந்ததைக் கண்டாள். கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டாள். சிவகரன் சேதம் எண்ணி முடித்த பிறகுதான் சொல் வந்தது. "மி... மின்னல்."

"பிந்திப்போச்சு அண்ணை. சேதம் எண்ணியாச்சு." சிவகரன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா?"

அறை முழுதும் அவளைப் பார்த்தது. அவள் சொல்லவேண்டியது சின்னச் சொல். 'திருப்பி வையுங்கோ, அவர் இன்னும் போகலாம் எண்டு சொல்லேல்லை.' புத்தகத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் அந்த நேரம் அவளுக்குப் புத்தகம் நினைவில் இல்லை. அந்தச் செருமல்தான் நினைவில் இருந்தது. ஜெனிஸின் பக்கம் சொன்னால் என்ன கதைப்பார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"சேதம் எண்ணினாப் பிறகு போட ஏலாது," என்றாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. "ஆட்டம் சிவகரனுக்கு."

ஜெனிஸ் ஒருமுறை அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. எதையோ சரிபார்ப்பதுபோன்ற பார்வை. பிறகு சிவகரனுக்குக் கை கொடுத்துவிட்டு, அட்டைகளை ஒழுங்காக அடுக்கி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை அறுத்தது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். "தெரிஞ்ச ஆள், தெரியாத ஆள் எண்டு பாக்காத நடுவர்," என்றார் கோபிசங்கர், கை தட்டி. ஒருவன் சாப்பிட றோல்ஸ் தட்டை நீட்டினான். அவள் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். சிவகரன் வெற்றிக் கிண்ணத்தோடு கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அவர் சொல்ல வெளிக்கிட்டவர்தானே? நீங்கள் திருப்பி வைக்கச் சொல்லுவியள் எண்டுதான் நான் நினைச்சன்."

அவளுக்கு நிலம் விழுங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது. தோற்றவனுக்குத் தெரியும். வென்றவனுக்கும் தெரியும்.

அந்தக் கிழமை முழுதும் அவள் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. நோயாளிகள் கையை நீட்டும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெனிஸுக்கு அனுப்ப எழுதியவற்றையெல்லாம் அழித்தாள். எழுதிய ஒவ்வொன்றும் தனக்குத் தானே வக்காலத்து வாங்குவதுபோல இருந்தது. கடைசியில் வேலை முடிந்து நேரே குருநகருக்குப் போனாள்.

கதவைத் திறந்தது தாய் மக்டலீன். "வாங்கோ பிள்ளை, இருங்கோ. உங்களைப் பற்றி இவன் எப்பவும் கதைப்பான்," என்று கதிரையைத் துடைத்துவிட்டாள். தேத்தண்ணியும் வந்தது. "விளையாட்டிலை தோத்துப்போனானாம். கவலையோ எண்டு கேட்டன். நடுவர் சரியாத்தான் சொன்னவ, நான்தான் பிந்திட்டன் எண்டான்."

கஜானி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். தாயிடம்கூட அவன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜெனிஸ் வந்ததும் இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். வள்ளங்கள் கட்டியிருந்த இடத்தில் நின்றார்கள்.

"நான் பாத்தனான்," என்றாள் கஜானி. "நீங்கள் சொல்ல வெளிக்கிட்டதைக் கண்டனான். கண்டுகொண்டுதான் அப்பிடிச் சொன்னனான். சனம் கதைக்கும் எண்டு பயந்திட்டன்."

அவன் கடலைப் பார்த்தபடி நின்றான். சொல் வர நேரம் எடுத்தது. அவள் காத்திருந்தாள், காத்திருப்பதற்கும் இப்போது கூச்சமாக இருந்தது.

"தெ... தெரியும். நீங்கள் பாத்தது எனக்குத் தெரியும். தெரியாத ஆக்கள் செய்தால் எனக்கு நோகாது, பழகிப்போச்சு."

"வாற ஞாயிறு எல்லாருக்கும் முன்னாலை சொல்லப்போறன்."

"எனக்காகச் சொல்ல வேண்டாம்."

"உங்களுக்காக இல்லை," என்றாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு அவள் எழுந்து நின்று சொன்னாள். விதி என்ன என்பதையும், ஜெனிஸ் சொல்ல முயன்றதைத் தான் கண்டதையும், பேச்சுக்குப் பயந்து தவறாகத் தீர்ப்புச் சொன்னதையும் சொன்னாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ பின்னால் சிரித்தார்கள். சிவகரன் திரும்பி அவர்களைப் பார்த்து, "பேசாமல் இருங்கோடா," என்றான். கோபிசங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிஞ்ச ஆட்டத்தை மாத்த ஏலாது பிள்ளை," என்றார். அவ்வளவுதான். ஏச்சுக்கூட விழவில்லை, விழுந்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். பேச்சு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா ஒரு நாள் முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

ஜெனிஸ் ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தான். நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்வதுபோல அவளுக்கும் "என்னமாதிரி" என்றான். அவளும் "இருக்கிறன்" என்றாள். அன்று அவனுடைய மேசையில், மறித்த பூதம் ஒன்று சேதத்துக்கு முன்னால் செத்தால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி வந்தது. பதில் கஜானியின் நாக்கு நுனியில் நின்றது. அவள் பக்கத்து வாங்கில்தான் இருந்தாள்.

அவன் அவளைத் தாண்டி அறையின் மற்றப் பக்கம் பார்த்தான்.

"கோ... கோபி அண்ணை," என்று கூப்பிட்டான். "ஒருக்கா வாறியளோ?"

கோபிசங்கர் விதிப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு எழுந்தார். கஜானி தலையைக் குனிந்து தன் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.