சரசக்கா குலுக்கிய செம்பு

சரசக்கா இறந்துபோன செய்தி மூன்று வழியில் கிளம்பி, ஒரு வழியில் என்னை வந்து சேர்ந்தது. அவர் மகள் போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. மளிகைக்காரர் கதவைத் தட்டினார். நான் வீட்டில் இல்லை. கடைசியில் என் மச்சினன் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பிடித்தான். அக்கா வீட்டு ஏற்பாடு அப்படி. எந்தச் சங்கதியும் ஒரே வயரில் போகாது.

தொண்ணூறுகளில் பல்லடத்தில் அக்கா கேபிள் டிவி நடத்தியது ஊருக்கே தெரியும். நான் அங்கே மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததும் தெரியும். மற்றவர்கள் தெருத்தெருவாக ஒரே வயரை இழுப்பார்கள். நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் பூஸ்டர் பெட்டி ஒன்று கெட்டால் அதற்கப்பால் யாருக்கும் படம் தெரியாது. அக்கா ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பக்கமிருந்து வயர் கொண்டுவந்தார். "எது கெடும்னு நம்மகிட்டச் சொல்லிப்போட்டா கெடுது கண்ணு?" என்பார்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பூஸ்டர்களின் பெயரைச் சீட்டில் எழுதி, சாமி படத்தின் முன் பித்தளைச் செம்பில் போட்டுக் குலுக்குவார். சீட்டில் வந்த பூஸ்டரை அணைத்துவிட வேண்டும். ஆனால் ஒரு வீட்டிலும் படம் நிற்கக் கூடாது. நன்றாக ஓடுவதை ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்டேன். "அதுவா கெடறதுக்கு முன்னாடி நாமளே கெடுத்துப் பாத்துரோணும்."

பிறகு ஆட்களின் பெயரும் செம்பில் விழுந்தது. சீட்டில் பெயர் வந்தவர் அன்று வேலையில் தலையிடக் கூடாது. முதல் சீட்டே எனக்கு. மறுநாள் வயர்மேன் பழனிச்சாமி கேட்டான்: "நேத்து நீங்க வந்திருந்தீங்கதானுங்க?"

கிரிக்கெட் இறுதிப் போட்டியன்று அக்காவின் சீட்டே வந்துவிட்டது. போட்டிக் கேபிள்காரர் எங்கள் தறிக்காரர் வீதியை வளைக்கக் காத்திருந்தார். படம் நின்றால் வீதி எங்கள் கையை விட்டுப் போய்விடும். "இன்னொருக்கா குலுக்கலாங்கக்கா" என்றேன். அக்கா கடலைத் தட்டோடு டிவி முன் உட்கார்ந்துவிட்டார்.

பாதி ஆட்டத்தில் ஒரு லாரி வயரை அறுத்துக்கொண்டு போனது. அக்காவிடம் ஓடினேன்.

"நாஞ் செத்துப்போயிட்டேன் கண்ணு. செத்தவகிட்ட என்ன பேச்சு?"

நான் திரும்பி ஓடுவதற்குள் பழனிச்சாமி மறுபக்கத்து வயரை மாட்டியிருந்தான். தறிக்காரர்களுக்கு ஒரு விளம்பரம் மட்டும் போனது. வீதி எங்களோடே இருந்தது.

இப்போது அதே அலுவலகத்தில் மகள் இன்டர்நெட் லைன் நடத்துகிறாள். காரியம் முடிந்த அன்று கேட்டேன்: "அம்மா போன அன்னிக்கு எத்தனை ஊட்டுல லைன் நின்னுச்சு அம்மணி?"

"ஒரு ஊட்டுலயும் நிக்கலீங்க மாமா."

அக்கா நினைவாக எனக்கு அந்தச் செம்பு போதும் என்றேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவளிடம் இன்னொன்று இருக்கிறதாம்.