துண்டுக்கு அடியில் என் கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யாருக்கோ நல்லது செய்த கதை இல்லை. நல்லது செய்யப்போகிறேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்ட கதை.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். புதுத் துறைமுகம் வந்த புதிது. யாரைப் பார்த்தாலும் கப்பல், லாரி, ஏற்றுமதி என்றுதான் பேச்சு. என் வகுப்பில் மட்டும் கொட்டாவி. வியாபாரத்தைக் கரும்பலகையில் கற்றுக்கொடுக்க முடியாது, இறங்கிச் செய்துதான் பழகவேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. முதல்வரை நச்சரித்து மாணவர் வணிகக் குழு ஒன்றைத் தொடங்கினேன். ஒவ்வொருவரும் ஒரு பருவத்துக்குள் உண்மையான சரக்கை உண்மையான ஆளுக்கு விற்கவேண்டும். முடிவில் அறிக்கை எழுதவேண்டும். வழிகாட்டி நான். ஆறு வருஷமாகப் பாடம் நடத்திய நான் அதுவரை ஒரு கத்தரிக்காயைக்கூட விற்றதில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பையன்கள் சுளுவான வழியைப் பிடித்தார்கள். ஒருவன் நோட்டுப் புத்தகங்களை மொத்தமாக வாங்கி விடுதியில் விற்றான். இரண்டு பேர் பேக்கரியில் மக்ரூன் வாங்கித் திருநெல்வேலி பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், பாதியை விற்று மீதியைத் தாங்களே தின்று தீர்த்தார்கள். திருச்செந்தூர் பக்கத்து ஆலந்தலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் இருந்தாள். கடலுக்குப் போகிற குடும்பம். அவளிடம் என்ன சரக்கு என்று கேட்டேன்.

"கருவாடு சார்."

வகுப்பே சிரித்தது. அவள் பின்பக்கம் திரும்பினாள். "சிரிக்கியளோ? கஞ்சிக்கு நெத்திலிக் கருவாடு வேண்டாம்னு ஒருத்தன் எந்திரிச்சிச் சொல்லுங்கலே, பாப்போம்!" ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

அவள் யோசனை இதுதான். அவள் ஊரில் நெத்திலியைக் கடற்கரை மணலிலேயே கொட்டிக் காயவைப்பார்கள். எத்தனை தடவை கழுவினாலும் பல்லில் மணல் நறநறக்கும். நைலான் வலை வந்துவிட்டதால் பழைய பருத்தி வலைகள் வீட்டுக்கு வீடு சும்மா கிடந்தன. அந்த வலைகளைப் பனங்கம்புகளில் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டி, மேலே பரப்பிக் காயவைத்தால் மணலே ஒட்டாது. இவ்வளவுதான். என் புத்தகங்கள் எதிலும் இல்லாத யோசனை. கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. அவளைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

ஒரு சனிக்கிழமை ஆலந்தலைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்து பேரும் வலையைச் சுற்றி நின்று காக்கை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் கவலை வெளியே வந்துவிட்டது.

"சாரு, பிள்ள சொல்லுதாளேன்னு ஆறு பேரும் எறங்கிட்டோம். மணல்ல போட்டா போட்டுட்டு வேற சோலியப் பாக்கலாம். இதுல நாளெல்லாம் நின்னு புரட்டிப் போட வேண்டியிருக்கு. வெல கூடக் கெடைக்குமா?"

"கண்டிப்பாக் கெடைக்கும்மா. நான் இருக்கேன்ல?" என்றேன்.

நான் இருக்கேன்ல! இப்போது நினைத்தாலும் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

பெண் கணக்கில் புலி. மணல் கருவாட்டுக்குக் கிடைக்கிற விலைக்கு மேல், சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, ஐந்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால்தான் கம்புச் செலவும் நின்ற கூலியும் கட்டும் என்று போட்டு வைத்திருந்தாள். "அஞ்சுக்குக் கொறஞ்சா அடுத்த தடவ ஒருத்தியும் வரமாட்டா சார். எங்க அம்மையே வரமாட்டா. கெடச்சிட்டா ஊரு முழுக்க வலை கட்டிருவேன். டிகிரி முடிச்சி எவன்கிட்டயும் வேலைக்குப் போவமாட்டேன், இதைத்தான் நடத்துவேன்" என்றாள். சும்மா சொல்லவில்லை. எந்த வீட்டில் எத்தனை வலை கிடக்கிறது என்றுகூட எழுதி வைத்திருந்தாள்.

தூத்துக்குடிக் கருவாட்டுச் சந்தையில் அப்போது கைப்பேச்சு வழக்கம் இருந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அன்றைய சந்தை விலைக்கு மேல், ஒரு விரலுக்கு ஒரு ரூபாய் கூடுதல். கடைசியில் எதிராளி நீட்டிய விரல்களை அழுத்திப் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது, அப்புறம் மாற்றுப்பேச்சு கிடையாது. பக்கத்தில் இருப்பவனுக்குக்கூட விலை தெரியாது. பெண்களின் கையை யாரும் துண்டுக்குள் பிடிக்கமாட்டார்கள். ஆகவே சரக்கு கொண்டுவருகிற பெண்கள் அண்ணனையோ மகனையோ கூட்டிவருவார்கள். இவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பா கடலில்.

"வாயால சொன்னா என்ன சார்? என் சரக்கு, என் வெல. எல்லாரும் கேக்கட்டுமே!"

"அது வழக்கமில்லம்மா. சிரிப்பாங்க. நான் பேசுதேன்."

எனக்குக் கைப்பேச்சு தெரியும் என்று வகுப்பில் வேறு பீற்றியிருந்தேன். ஆற்றங்கரை வயல்காட்டு ஊர்க்காரன் நான். சின்ன வயதில் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி. ஒரு தடவை நான் பேசட்டுமா என்று கேட்டதற்கு, "இவன் கையக் குடுத்தா மாட்டையும் சேத்துல்லா குடுத்துட்டு வருவான்" என்று அப்பா சொன்னார். அதை நான் வகுப்பில் சொல்லவில்லை.

கொழும்புக்குத் தோணியில் கருவாடு அனுப்புகிற ஒரு பெரிய வியாபாரியிடம் போனோம். அண்ணாச்சி என்றுதான் சந்தையே அவரைக் கூப்பிடும். அவர் நெத்திலி ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். புருவம் ஏறியது. இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். தகரக் கொட்டகை ஓரமாக அம்மாவோடு நின்றிருந்த அவளும் அதைப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

அண்ணாச்சி துண்டை விரித்தார். "வாத்தியாரு சாருக்குக் கை பேசத் தெரியுமா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏலே, எல்லாரும் வந்து பாருங்கலே" என்று ஒருவன் கூப்பிட்டான். எனக்குக் காது சுட்டது.

துண்டுக்குள் அவர் இரண்டு விரல் நீட்டினார். நான் அவர் கையை முழுதாகப் பிடித்திருக்கவேண்டும், ஐந்து என்று. நான்கைப் பிடித்தேன். ஏன் நான்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் கையை உதறிவிட்டு மறுபடியும் இரண்டைக் கொடுத்தார், முன்னைவிட அழுத்தமாக. என் கை சொதசொதவென்று வேர்த்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் கருவாட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் முழிக்கப்போகிறார், பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று நிற்கிறார்கள். அங்கிருந்து வெளியே போனால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. அந்த இரண்டு விரல்களை அழுத்திப் பிடித்துவிட்டேன்.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"எவ்வளவு சார்?" ஓடி வந்தாள்.

"ரெண்டும்மா. என்ன இழுத்தும் மனுஷன் அசையல. அஞ்சுதான் கேட்டேன், ஒரே பிடியா நின்னேன்."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது, தண்ணீர் மாதிரி. துண்டுக்குள் நடந்ததை யார் பார்த்தார்கள்?

"ரெண்டாவது நெத்திலியும் எடுத்துத் தின்னாரே சார்?"

"தின்னா என்னம்மா, வெலைன்னு வந்தா இவங்களுக்கு எல்லாக் கருவாடும் ஒண்ணுதான்."

அவள் அம்மா காலி ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு, "சரி, வா பிள்ள, போவோம்" என்றாள். அடுத்த வாரமே வலைகளை அவிழ்த்துவிட்டார்கள்.

பத்துநாள் கழித்து டீக்கடையில் அந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு. "என்ன சார், பட்டுன்னு முடிச்சிட்டிய! அஞ்சு வரைக்கும் போவத்தான் இருந்தேன். மணல் இல்லாத நெத்திலின்னா கொழும்புல கண்ண மூடிட்டு வாங்குவான். அந்தப் பிள்ள வாயத் தெறந்து கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். அடுத்த சரக்கு எப்ப வருது?"

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆலந்தலைக்குப் போய், ஐந்து கிடைக்கும், மறுபடி வலை கட்டுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் அன்றைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவள் கேட்பாளே! அவள் கேட்காமல் விடுகிற பெண்ணா? ஒரு சனிக்கிழமை திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப்பார்த்தேன். ‘கை நடுங்கிட்டும்மா’ என்று ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சாகுபுரத்தில் ரசாயன ஆலை ஷிப்டு முடிந்தவர்கள் ஏறினார்கள். நான் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன். சீ, என்ன மனுஷன் நான்!

பருவ முடிவில் அவள் அறிக்கை கொடுத்தாள். பதினொரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். கடைசிப் பக்கத்தில், ‘சுத்தமான சரக்குக்குச் சந்தை விலை தருவதில்லை என்பதே இம்முயற்சியில் கண்ட உண்மை’ என்று எழுதியிருந்தாள். அது பொய் என்று தெரிந்த ஆட்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருவன் சிவப்பு மையால் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டான். அதோடு விட்டேனா? அனுபவத்தில் கற்பது எப்படி என்று காட்ட, அடுத்த இரண்டு வருஷமும் புது மாணவர்களுக்கு அந்த அறிக்கையை உரக்கப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நடத்தைச் சான்றிதழில் கையெழுத்து வாங்க என்னைத் தேடி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"அன்னைக்கு நீங்க மட்டும் இல்லேன்னா அந்த ரெண்டு ரூவாயும் கெடச்சிருக்காதுன்னு எங்க அம்மை இன்னும் சொல்லுதா சார்" என்றாள்.

நான் தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

"வியாபாரம் நமக்கு வராதுன்னு சீக்கிரமே தெரிஞ்சிக்கிட்டேன். இல்லாட்டி ஊருப் பொம்பளையளையும் சேத்துல்லா இழுத்து விட்டிருப்பேன். அதுவும் நல்லதாத்தான் போச்சு, என்ன சார்?"

அறையில் வேறு யாரும் இல்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, நல்லதாப் போச்சு" என்றேன்.