டிராக்டரைக் காவல் காத்தவள்

பால் வாங்கினால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள். தன் கல்யாணப் பேச்சு முடிவதற்கு முன்னால், "இங்கேருந்து அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க," என்று மாப்பிள்ளையைக் கேட்டவள். அவரும் நடந்து காட்டினார். கால் சரியாகத்தான் இருந்தது. நுரையீரலைப் பற்றிக் கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

இருபத்தாறு வருடம் தானியக் கிடங்கில் வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளே இருந்து வருவதை உள்ளங்கையில் பரப்பி, மேலே நல்லதும் நடுவில் கல்லுமாக யாரேனும் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த வேலை அவளை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவள் என்பதால்தான் அந்த வேலை கிடைத்ததா என்று புகுந்த வீட்டார் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. கிடங்கை விட்டு வந்த பிறகு ஒரு பழைய டிராக்டரை வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டினாள். எந்த ஒயரைப் பார்த்தாலும் கொண்டையில் செருகியிருக்கும் டெஸ்டரை உருவி வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அதனால் தெருவில் அவளுக்கு டெஸ்டர் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கணவர் கல் உடைக்கும் கிரஷரில் இருந்தவர். முப்பது வருடத் தூள் நெஞ்சில் படிந்து, இரண்டு வருடமாகப் படுக்கை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அறைக் காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இல்லாவிட்டால் பெட்டி கத்தும். பத்து நிமிடத்தில் அவர் உதடு நீலம் பாயத் தொடங்கும். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் அறை மூலையில் நின்றது.

இந்தப் பெட்டிக்காகத்தான் டிராக்டரில் ஓடும் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டாள். டிராக்டரின் பின்பக்கம் சுழலும் முனையில் ஒரு ஷாஃப்டை மாட்டினால், அது ஜெனரேட்டரைச் சுற்றும். இஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும். வேகம் குறைந்தால் வோல்டேஜ் விழும். வோல்டேஜ் விழுந்தால் பெட்டி கத்தும்.

எலக்ட்ரீஷியன் வந்து மீட்டருக்குப் பக்கத்தில், வாசல் சுவரில், கைப்பிடி வைத்த ஒரு சுவிட்ச் பெட்டியைப் பொருத்தினான். "கைப்பிடி மேல இருந்தா தெரு கரண்டு. கீழ இறக்கினா டிராக்டர் கரண்டு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பார்த்துக்கவே பார்த்துக்காது," என்றான்.

"வாசல்லயா வெப்பே? போறவன் வர்றவன் எவனாவது தூக்கி விட்டுட்டா?"

"யாருக்கா தூக்கப் போறான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவன் போனதும் கைப்பிடியை மேலேயே வைத்துப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள். பழைய மிக்ஸியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, இரண்டு முனையிலும் பிளக் மாட்டினாள். ஒரு முனை ஜெனரேட்டரில். இன்னொன்று ஜன்னல் வழியாக வந்து, கணவரின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் இருந்த பிளக் பாயிண்டில். வெளியாள் கை படாது. அவளுக்கு நிம்மதி.

புயல் அடித்த மறுநாள் விடியற்காலை தெருமுனையில் மரம் விழுந்து ஒயர் அறுந்தது. டிராக்டர் ஓடத் தொடங்கியது. ராத்திரிக் காவல் அவளுடையது. பகலில் கணவரின் தம்பி வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது; சாது; செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்து முடிப்பவர்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு இஞ்சின் முனகியது. உள்ளே பெட்டி கத்தியது. அவள் கணவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தவள், ஈரத் துணியோடு வெளியே ஓடினாள். கொழுந்தனார் செய்தித்தாளும் கையுமாக இருந்தார்.

"வேகத்தைக் குறைச்சீங்களா?"

"நான் தொடவே இல்ல அண்ணி."

"தொடாமத்தான் அது தானா முனகுதா?"

"டிராக்டர் கிழடு. நாமளும்தான் முனகறோம்."

அவள் சிரிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இஞ்சின் தானாகச் சரியானது. மதியம் மறுபடி முனகல். அவள் போவதற்குள் அவர் எழுந்து நின்றிருந்தார். எதற்கு எழுந்தார்? கால் மரத்துப் போய்விட்டதாம். சத்தம் தாங்கவில்லை என்று காலையில் இரண்டு தடவை சொன்னவர் அவர்தான். காதில் பஞ்சு வேறு. சத்தம் குறையட்டும் என்று டிராக்டரின் வேகக் கைப்பிடியைக் கொஞ்சம் இறக்குகிற ஆள் வேறு யார்?

கணவரிடம் சொன்னாள். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "அவன் என் தம்பி," என்றார்.

"மூட்டை கட்டறவனும் யாருக்காவது தம்பிதான்."

மறுநாள் காலை கொழுந்தனாரை நாற்காலியோடு பத்தடி தள்ளி உட்கார வைத்தாள். "இங்கேருந்து பாருங்க. டிராக்டர் மேல உங்க விரல் படக்கூடாது. நான் சொன்னாலும் சரி, யார் சொன்னாலும் சரி."

"ஈ உட்கார்ந்தா ஓட்டலாமா?"

"வேண்டாம்."

பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கணவருக்கு முதுகில் தலையணை முட்டுக் கொடுத்து, விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கிளிப்பில் தொண்ணூற்றிரண்டு என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து டிராக்டரின் வேகக் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தனார் பத்தடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

இஞ்சின் முனகியது. கைப்பிடி அவள் பிடியில் அசையவில்லை.

"இப்ப யார் தொட்டது அண்ணி?" என்றார் அவர்.

அவள் கைப்பிடியை விட்டாள். வேறு யாரோ கரண்ட் இழுக்கிறார்கள்; அந்தச் சுமையில்தான் இஞ்சின் திணறுகிறது. தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். மளிகைக் கடையில் மெழுகுவத்தி. மாவு மில் சாத்திக் கிடந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னலில் மட்டும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

திருட்டுக் கொக்கி! ஜெனரேட்டரிலிருந்து ஒயர் எதுவும் போகிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே தெருவைத் தாண்டினாள். எதுவும் இல்லை. தையல்காரி தைத்து முடித்த துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கேருந்து கரண்ட் இழுக்கிறே?"

"இழுக்கறதா? கரண்ட் நேத்தே வந்துருச்சேக்கா. கொஞ்சம் சோகையா இருக்கு. உங்களுக்கு வரலையா? சும்மா எதுக்கு டீசலை ஊத்தி உருட்டிக்கிட்டிருக்கீங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

டெஸ்டரை உருவி பிளக் பாயிண்டில் வைத்தாள். எரிந்தது. கடைக்கு வராத கரண்ட் இவளுக்கு மட்டும் எப்படி வரும்?

"இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கு."

"துணி பாதியில—"

"பிடுங்கு!"

பிடுங்கினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் முனகலை விட்டு நிமிர்ந்தது. "மாட்டு," என்றாள். மறுபடி முனகியது.

அறுந்த ஒயரில் கரண்ட் எங்கே போகப்போகிறது என்று நினைத்திருந்தாள். மரம் விழுந்தது முனையில்; மளிகைக் கடையும் மில்லும் அதற்கு அந்தப் பக்கம். முனைக்கு இந்தப் பக்கம், அவள் வீட்டுக்கும் தையல்காரி வீட்டுக்கும் நடுவில், ஒயர் அறுபடாமல்தான் இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் அவள் செருகிய பிளக், வீட்டு ஒயர் முழுக்க ஓடி, மேலே வைத்துப் பூட்டிய கைப்பிடி வழியாக, மீட்டரைத் தாண்டித் தெருவுக்கே கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முனைக் கம்பத்தைப் பார்த்தாள். ஏணி சாத்தியிருந்தது. லைன்மேன் பாதி ஏறியிருந்தார்.

"தம்பி! நிறுத்துங்க! டிராக்டரை நிறுத்துங்க!"

கொழுந்தனார் எழுந்தார்; அசையவில்லை. "நீங்க சொன்னாலும் தொடக்கூடாதுன்னீங்களே?"

"நிறுத்துய்யா! கம்பத்துல ஆள்!"

"அண்ணனுக்கு மூச்சு?"

"நான் பார்த்துக்கறேன். நிறுத்து!"

அவர் பாய்ந்து இஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தார். தெருவே சட்டென்று அமைதியானது. அவள் வீட்டுப் பெட்டி கத்துவது எதிர்வீடு வரை கேட்டது. அவள் ஓடினாள். அறுபத்தோரு வயதில் அப்படி ஓடக்கூடாது, ஓடினாள். சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி, அளவை இரண்டில் வைத்தாள். விரல் கிளிப்பில் எண்பத்தாறு. "பேசாதீங்க. உதட்டைக் குவிச்சு ஊதுங்க. மெதுவா." எண்பத்தெட்டு. தொண்ணூறு. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். போன மாதம் திறந்து பார்த்தது, நேற்று டிராக்டர் கரண்டுக்கு மாற்றும்போது விட்டது என்று காற்று போயிருந்தது. முள் சிவப்புக்கு ஒரு விரல்கடை மேலே. ஒன்றரை மணி நேரம் வரும்.

வெளியே லைன்மேன் குரல்.

"டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸை நானே பிடுங்கிப் பையில வெச்சிருக்கேன். அதுக்கு மேலயும் கரண்ட் வருதுன்னா எந்த மவராசன் வீட்டு வேலை?"

கொழுந்தனார் வாயைத் திறப்பதற்குள் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். "என் வேலை. எலக்ட்ரீஷியன் சரியாத்தான் போட்டான். நான்தான் அதை விட்டுட்டு உள்ளே பிளக்ல செருகினேன்."

"இன்னும் நாலு படி ஏறியிருந்தா என் பொண்டாட்டிக்கு ஃபோன் போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும். ஒயரை உருவிட்டேன். பெட்டியைத் திறந்து கைப்பிடியைக் கீழ இறக்கிடறேன். இனி தெருவுக்கு வராது."

"நீங்க சொல்லுவீங்க. நான் மேல போன உடனே உள்ளே அந்தப் பெரியவருக்கு மூச்சு வாங்கும். பதட்டத்துல எதை எங்க செருகுவீங்களோ! செருக மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உதடு நீலமாகிற கணவர். கைக்கெட்டுகிற தூரத்தில் பிளக். எதைச் செய்வாள் என்று அவளுக்கே உறுதி இல்லை.

"நம்பாதீங்க," என்றாள். "எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம். ஒயர் ஒத்துழைச்சா."

"அந்த ஷாஃப்டைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. அது இல்லாம ஜெனரேட்டர் சுத்தாது. சுவிட்ச் கைப்பிடி மேலயே இருக்கட்டும், தெரு கரண்டு வந்தா தெரியணும்."

லைன்மேன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குனிந்து ஷாஃப்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் கிரீஸ்.

ஒரு மணி நேரம் அவள் கட்டிலருகே முள்ளையும் கிளிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரை முன்னால் சாய்த்து, கைகளைத் தலையணை மேல் வைக்கச் செய்தாள். அப்படி உட்கார்ந்தால் கொஞ்சம் காற்றே போதும். கொழுந்தனார் அண்ணன் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"ரெண்டு நாளா என்னைச் சந்தேகப்பட்டீங்க," என்றார் மெதுவாக.

"ஆமா."

"இப்ப?"

"இப்ப இல்ல. தப்பு என்னுது. கையை இன்னும் கொஞ்சம் மேல வெச்சுத் தாங்குங்க, அவருக்கு விலா வலிக்கும்."

முள் சிவப்பைத் தொட்டது. ஒரு மணி நேரம் தாண்டிப் பத்து நிமிடம். இருபது. கிளிப்பில் எண்பத்தொன்பது. கணவர் விரலால் ஜன்னலைக் காட்டினார்: கம்பத்தில் லைன்மேன் இன்னும் இருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. பிறகு நிற்காமல் சுற்றியது. டெஸ்டரை வைத்துப் பார்த்து, இருபது எண்ணி, அதற்குப் பிறகுதான் குழாயைப் பெட்டிக்கு மாற்றினாள். தொண்ணூற்றொன்று வந்தது. கொழுந்தனார் அண்ணன் முதுகிலிருந்து கையை எடுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லைன்மேன் ஷாஃப்டைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்தார். அவள் குனிந்து இரண்டு முனையையும் பார்த்தாள்.

"இதைப் பூட்டற பின் எங்கே?"

அவர் சட்டைப் பையைத் தட்டினார். "பக்கத்துத் தெருவுல இன்னும் ரெண்டு கம்பம் இருக்கு. அது முடியற வரைக்கும் என்கிட்டதான். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க. அவன் முன்னாடி தர்றேன்."

"நடுவுல கரண்ட் போச்சுன்னா?"

"என்னைக் கூப்பிடுங்க. நான் மேல இல்லைன்னு நீங்க கண்ணால பார்த்துட்டு, நானே வந்து மாட்டறேன்."

"உங்க நம்பர்?"

சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். எழுதியதோடு விடவில்லை; அங்கேயே அந்த நம்பருக்கு அடித்தாள். அவர் பைக்குள் மணி அடித்தது.

"சரி. போங்க," என்றாள்.