ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளவும்

தில்லைநாதன் மாஸ்ரர் காலமான செய்தி ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய மகள் ஆரணியின் குறுஞ்செய்தியாக வந்தது. ‘அப்பா போயிட்டார். காலை 7.25.’ இப்படியொரு செய்தியில் வேறு யாரும் நிமிடத்தைக் குறிப்பிட மாட்டார்கள். பக்கத்து மார்க்கம் நகரில் மென்பொருள் எழுதும் ஆரணிக்குச் சாமி நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் மாஸ்ரரின் மகள்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பௌதிகம் படிப்பித்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். கடவுள் இல்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்லுவார். அப்படிப்பட்டவர்தான் எங்கள் ஸ்காபரோக் கோயிலின் நாட்காட்டியை, திதி முடியும் நேரம் முதல் கிரகணம் வரை, ரொறன்ரோவுக்கென்று வருடாவருடம் கணித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக் கலண்டரைப் பார்த்து இங்கே விரதம் பிடிப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. “கடவுளை நம்புறது உங்கடை விருப்பம். சந்திரன் எங்கை நிக்குதெண்டது உங்கடை விருப்பமில்லை.”

ஒருமுறை கோயில் மண்டபத்தில், அறிவியல் யுகத்தில் சமயத்தின் எதிர்காலம் பற்றிக் கருத்தரங்கு வைத்தோம். பேசிய மூவரும் விஞ்ஞானம் கண்டுபிடித்ததையெல்லாம் நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தார்கள் என்று நிறுவினார்கள். ஒலிவாங்கி வேலை செய்யாததால் அதைக் கத்தி நிறுவ வேண்டியிருந்தது. கடைசியில் மாஸ்ரரைப் பேசச் சொன்னார்கள். “எதிர்காலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அடுத்த வருசத்து நாட்காட்டி முடிஞ்சுது. வேணுமெண்டவை எடுத்துக்கொண்டு போங்கோ,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மார்ச் மாதத்தில், கோடைகால நேரத்துக்காக, நாமெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவோம். அவர் தள்ளுவதில்லை. “சூரியனுக்கு ஆரும் உத்தரவு அனுப்பினவையோ?” என்று கேட்பார். அவருடைய கைக்கடிகாரமும் கணக்கும் வருடம் முழுவதும் குளிர்கால நேரத்திலேயே ஓடின. அதனால் நாட்காட்டியின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: ‘கோடைகாலத்தில் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளவும்.’ அதைத் தட்டச்சுச் செய்து அச்சிடுவது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் கிரியை தொடங்க இருந்தது. முப்பத்தோராம் நாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்குமாக ஐயர் இறந்த திதியைக் குறித்துக்கொள்ள வந்தார். கையில் இந்த வருடத்து நாட்காட்டி.

“தசமி காலமை ஆறு ஐம்பதோடை முடியுது. சீவன் போனது ஏழு இருபத்தஞ்சு. அப்ப ஏகாதசி.”

மாஸ்ரரின் மைத்துனர் தன் கைபேசியை நீட்டினார். “ஐயா, இதிலை தசமி எண்டு கிடக்கு.”

“உது எந்த ஊருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? மாஸ்ரர் இருக்கேக்கை நான் உதுகளைப் பாத்ததில்லை. இண்டைக்கும் பாக்கமாட்டன்.”

“அப்பா இதையெல்லாம் பிலீவ் பண்ணினதே இல்லை,” என்றாள் ஆரணி. “எந்த நாளாயிருந்தா என்னம்மா?”

மாஸ்ரரின் மனைவி மங்களமக்கா சவப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவர் நம்பேல்லை. நான் நம்புறன். பிழையான நாளிலை கூப்பிட்டா அந்த மனுசன் வராது. கலியாண வீட்டுக்கு நான் வெளிக்கிட ரெண்டு நிமிசம் பிந்தினதுக்குக் காரை எடுத்துக்கொண்டு போன மனுசன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். நான் நாட்காட்டியை வாங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில், வீடு விற்றுக் கொடுக்கும் முகவர் ஒருவர் கைகட்டிப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். இடம் போதவில்லை என்று வரியை எடுத்தவன் நான். மாஸ்ரர் போன நவம்பரிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்ததால் திருத்த ஆளில்லை. வரியைக் காணாதபடியால், இந்த வருடம் கூட்டியே கணித்திருக்கிறார் என்று ஐயரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பேசாமல் இருந்திருக்கலாம். சொன்னால், மார்ச்சிலிருந்து கோயிலில் பார்த்த நல்ல நேரம் எல்லாம் ஒரு மணித்தியாலம் பிழை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நேரங்களில் நடந்த கலியாணங்களில் ஒன்றின் மாப்பிள்ளை இரண்டாவது வரிசையில் இருந்தார். சுகமாகத்தான் இருந்தார்.

“அக்கா, பிழை என்ரை,” என்றேன். “மாஸ்ரற்றை நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டவேணும். அந்த வரியை நான் விட்டிட்டன். தசமி முடிஞ்சது ஏழு ஐம்பதுக்கு.”

ஐயர் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று மாதத்து முகூர்த்தங்களும் இருந்தன.

“அப்ப கோயிலிலை நடந்ததெல்லாம்?” என்றார் மைத்துனர்.

“அதைப் பிறகு கதைப்பம்,” என்றார் மங்களமக்கா. என் பக்கம் திரும்பினார். “தசமிதானே? நிச்சயமோ?”

“நிச்சயம் அக்கா.”

ஆரணி நாட்காட்டியை என் கையிலிருந்து வாங்கி, கைபேசியில் ஏதோ கணக்குப் பார்த்தாள். எங்கள் எல்லோரையும் விட அதிக நேரம் பார்த்தாள். “தசமிதான்மா. இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருந்திருக்கு,” என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

ஐயர் எழுதிக்கொண்டார். கிரியை தொடங்கியது.

வரும் வருடத்து நாட்காட்டியை ஆரணி கணிக்கிறாள். தனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. தகப்பனைப் போலவே அவளும் குளிர்கால நேரத்தில்தான் தருகிறாள். மாஸ்ரரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரி. இம்முறை அது தலைப்புக்குக் கீழே, பெரிய எழுத்தில் வரும். முகவரின் படம் சிறிதாகும்.

அடுத்த வருடம் அதே மாதத்துத் தேய்பிறைத் தசமியன்று மங்களமக்கா வீட்டில் படையல். மாஸ்ரர் வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் பிந்திப்போக எனக்குத் துணிவில்லை.