முன்வரிசை சோபா

எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குரோம்பேட்டைக் குழு ஒன்றைப் பேசி, தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் மதியக் கச்சேரி ஏற்பாடு செய்தேன். நான்கு குத்துப்பாட்டு முடிந்தும் ஒருவரும் எழுந்து ஆடவில்லை. ஆடியே தீருவோம் என்று வாரம் முழுக்கக் குதித்தவர்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீபோர்டு வாசித்த அண்ணன் மேடையிலிருந்து குனிந்து சொன்னார்: "சார், மொத வரிசைல சோபா போட்டு எம்.டி.ய உக்கார வெச்சிருக்கீங்க. அவரு கண்ணு முன்னாடி எவன் ஆடுவான்? மொதல்ல அவர சாப்பிடக் கூட்டிகினு போங்க."

கல்யாண வீட்டுப் பழக்கத்தில் சோபா போட்டவன் நான்தான். எம்.டி.யைச் சாப்பாட்டுக் கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மண்டபமே அதிர்ந்தது. கணக்குப் பிரிவு அக்கா செருப்பை உதறிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். நானும் இரண்டு பாட்டுக்கு ஆடினேன்.

வியர்க்க விறுவிறுக்கத் தண்ணீர் குடிக்கப் போனால், சாப்பாட்டுக் கூடத்து மூலையில், கையில் பிரியாணித் தட்டோடு எம்.டி. தோளைக் குலுக்கி ஆடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று நின்றார். நான் தயிர்ப் பச்சடி தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், முதுகுக்குப் பின்னால் தட்டில் ஸ்பூன் மறுபடி தாளத்தோடு கிணுகிணுத்தது.