பெரியம்மாவின் கையெழுத்து

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிய வருஷத்தில் எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் முழுக்க நான் வயிற்றெரிச்சலோடுதான் திரிந்தேன். மேல்மலையில் சாரல் பிடித்து ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபோதும் எனக்கு மட்டும் உள்ளே காந்திக்கொண்டே இருந்தது.

அதுவரை தலைவராக இருந்தவர் பெரியப்பா. இரண்டு தடவை இருந்து நாற்காலி பழகிவிட்டது. இந்த முறை பெண்கள்தான் நிற்கலாம் என்று தெரிந்த அன்று, துக்கம் விசாரிக்க வருவதுபோல எங்கள் முற்றத்துக்கு ஆட்கள் வந்து போனார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், உங்கள் குடும்பத்திலேயே இரண்டு பெண்கள் இருக்கிறார்களே என்று நினைவுபடுத்தினார். ஒன்று பெரியம்மா. இன்னொன்று என் அம்மா. பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்து எதிரெதிராக இருந்தன.

பெரியம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அம்மா அட்டுவம்பட்டியில் பத்தாவது வரை படித்தவள். பேங்கிலிருந்து யாருக்குக் காகிதம் வந்தாலும் அம்மாவிடம்தான் வாசிக்கக் கொண்டு வருவார்கள். ஆகவே அடுத்த தலைவர் அம்மாதான் என்று நானே முடிவுகட்டி, வகுப்பில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். பெரியப்பா பெரியம்மாவை நிறுத்தினார்.

"உன்னைய ஏம்மா நிறுத்தல?" என்று கேட்டேன்.

அம்மா பூண்டுக் கட்டுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "எனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே," என்றாள்.

பெரியவர்கள் பிள்ளைகளை விரட்டுவதற்குச் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவின் மகள் என்னைவிட நாலே மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. போதாததற்கு இப்போது அவள் அம்மாவின் படம் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தது. போஸ்டரில் பெரியப்பா ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பெரியம்மா மூலையில் தபால்தலை அளவில் இருந்தாள். இருந்தாலும் அது அக்காவின் அம்மாதானே. பிரசார ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து அக்கா எனக்குக் கையாட்டிவிட்டுப் போனாள். பெரியம்மா தோற்க வேண்டும் என்று மூன்று நாள் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். முருகனும் பெரியப்பா பக்கம் போலிருக்கிறது, பெரியம்மா ஜெயித்துவிட்டாள்.

எதிர்வீட்டுக் கதவுக்கு மேல் பெரியம்மாவின் பெயரோடு பலகை மாட்டினார்கள். ஊர் மட்டும் பெரியப்பாவைத்தான் தலைவரே என்று கூப்பிட்டது. ஊராட்சி அலுவலக நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். தலைவராகிய பெரியம்மா வழக்கம்போலக் கேரட் கழுவினாள். ஆனால் காகிதங்களில் கையெழுத்து அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். வேட்புமனுவில் பெருவிரல் ரேகை வைத்துச் சமாளித்தாயிற்று, இனியும் ரேகை வைத்தால் ஒன்றிய ஆபீசில் சிரிப்பார்கள் என்று பெரியப்பாவுக்குக் கூச்சம். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பேரு மட்டும் எழுதச் சொல்லிக் குடு. அது போதும்."

அங்கேதான் எனக்கு வினை பிடித்தது. சாயங்காலம் அடுப்படியில் அம்மாவின் இடது பக்கம் என்னுடைய இடம். அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். இப்போது அங்கே பெரியம்மா வந்து உட்கார்ந்தாள். எனக்கு வாங்கிய புது ரெட்டைக்கோடு நோட்டை அம்மா அவளுக்குக் கொடுத்துவிட்டு, பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

பெயர் எழுத ஒரு வாரம் ஆனது. தொலைந்தாள் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாளும் பெரியம்மா வந்தாள்.

"இன்னும் நாலு எழுத்து சொல்லு புள்ள."

நாலு எழுத்து நாப்பதாகி, மாதக்கணக்கில் நீண்டது. அம்மா நோட்டைத் தூக்கிப் பிடித்து, "ழ போட்டிருக்கதப் பாருங்கக்கா, அச்சடிச்ச மாதிரி இருக்கு," என்பாள். என்னுடைய ழ கோழி கிளறினமாதிரி இருப்பதாகச் சொன்னவளும் இதே அம்மாதான். பெற்ற மகளை அருகில் வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளையைக் கொஞ்சுவதுபோல இருந்தது எனக்கு.

பிறகு காகிதங்கள் வர ஆரம்பித்தன. ஊராட்சிச் செயலர் காலையில் கையெழுத்துக்காக எதிர்வீட்டில் வைத்துவிட்டுப் போவதை, சாயங்காலம் பெரியம்மா கம்பளிக்குள் மறைத்து எடுத்து வருவாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு வாசிப்பார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ஒரு காகிதத்தை அம்மா இரண்டு தடவை வாசித்தாள். எங்கள் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் பூண்டு வயல்களுக்கும் ஒரே ஓடையிலிருந்துதான் தண்ணீர். அந்த ஓடை பிறக்கும் சரிவில் வெளியூர்க்காரர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு காட்டேஜ் கட்டப் போகிறார். அதில் ஊராட்சிக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதியிருந்தது. பெரியம்மா விரலை வைத்துத் தானே எழுத்துக்கூட்டினாள்.

"ஆட்...சே...பனை இல்லை." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு இருக்கே புள்ள."

அம்மா காகிதத்தை மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பதினஞ்சாம் தேதி கிராம சபை இருக்குக்கா. அதுவரைக்கும் இதுல கையெழுத்து விழாம இருந்தாப் போதும். அன்னைக்கு எல்லாத்துக்கும் முன்னால நீங்களே இதை வாசிச்சிருங்க. அப்புறம் ஊரு பாத்துக்கிடும்."

"நான் வாசிக்கவா!" என்று பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மறுநாள் சொல்வதெழுதுதல் இருந்தது, ஒரு சொல்லைக்கூட யாரும் கேட்கவில்லை. ஓடையும் காட்டேஜும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. மனதில் விழுந்தது அம்மா அந்தக் கையைப் பிடித்தது மட்டும்தான்.

கிராம சபைக்கு இரண்டு நாள் முன்னால் பெரியப்பா திண்டுக்கல் போய்விட்டுப் பழனி வழியாகத் திரும்பினார். வந்தது அந்தக் காட்டேஜ்காரருடைய காரில். பை நிறைய ஆயக்குடிக் கொய்யா. எங்கள் மலையில் பேரிக்காயும் பிளம்ஸும் கொட்டிக் கிடக்கும், கொய்யாவுக்குத்தான் நாங்கள் ஏங்குவோம். நல்ல பழமாகப் பார்த்து அக்காவுக்குக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது ஒரு பக்கம் அடிபட்ட பழம். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே கடித்தாள்.

முற்றத்தில் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தார்கள். செயலர் காகிதத்தை விரித்தார். பெரியம்மா சேற்றுக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றாள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா முறத்தோடு நின்றிருந்தாள்.

"வரலீங்க," என்றாள் பெரியம்மா.

"என்ன வரல?"

"எழுத்து. மறந்து போச்சு."

மாட்டேன் என்றிருந்தால் பெரியப்பா சந்தேகப்பட்டிருப்பார். மறந்துவிட்டது என்றதை உடனே நம்பினார். அவர் மனதில் பெரியம்மாவுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். "நேத்து வரைக்கும் போட்டியே, இப்ப என்ன வந்துச்சு?" என்று சலித்துக்கொண்டார். ரேகை வைக்கலாமா என்று கேட்டார். கையெழுத்துப் போடுகிறவர் என்று பதிவாகிவிட்டது, இனி ரேகை செல்லாது என்றார் செயலர். காட்டேஜ்காரர் சிரித்தபடி எழுந்துவிட்டார்.

"பாவம், விடுங்க. அடுத்த வாரம் வாங்கிக்கலாம்."

பாவமா? சொல்வதெழுதுதலில் இரண்டு சொல் மறந்ததற்கு அன்று காலைதான் டீச்சர் என்னை முட்டி போட வைத்திருந்தார். நான் மறந்தால் முட்டி, பெரியம்மா மறந்தால் பாவம். அதுவும் மறக்காமலே!

"பொய்!" என்று கத்தினேன். "பெரியம்மாவுக்கு எல்லா எழுத்தும் தெரியும். பேப்பரே வாசிப்பாங்க. எனக்கு வாங்குன நோட்டுத்தான், அதுல நெறைய எழுதியிருக்காங்க!"

அம்மா மறிப்பதற்குள் அவள் கைக்கடியில் நுழைந்து உள்ளே ஓடி, நோட்டை எடுத்து வந்து பெரியப்பாவின் மடியில் வைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே பெரியம்மா ஒரே வரியை நாலு தடவை எழுதிப் பழகியிருந்தாள்: ஊராட்சிக்கு ஆட்சேபனை உண்டு.

பெரியப்பா தலையைத் தூக்கி எங்கள் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு ரொம்பத் தணிந்த குரலில், "போடு," என்றார்.

பெரியம்மா போட்டாள். எட்டிப் பார்த்தேன். அச்சடித்த மாதிரி எழுதுகிறவளின் எழுத்து அன்றைக்குக் கோழி கிளறினமாதிரி இருந்தது. எனக்கு அதில் ஒரு குளிர்ச்சி. "வெவரமான புள்ள," என்று பெரியப்பா பையிலிருந்த கொய்யாக்களில் ஆகப் பெரியதை எடுத்து எனக்குக் கொடுத்தார். அக்காவுக்குத் தெரியும்படி நின்று, கொட்டையைக்கூடத் துப்பாமல் தின்றேன்.

கிராம சபைக்குப் பெரியம்மா வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். காட்டேஜ்கள் இப்போதும் அந்தச் சரிவில் நிற்கின்றன, ராத்திரியில் விளக்குப் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஊர்க் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.

அம்மா என்னை அடிப்பாள் என்று அன்று சாயங்காலம் பயந்துகொண்டே அடுப்படிக்குப் போனேன். அடிக்கவில்லை. அவளுடைய இடது பக்கம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா முற்றத்தில் போட்டுவிட்டுப் போயிருந்த நோட்டில் பெரியம்மா எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, அம்மா அதையே எனக்குக் கொடுத்தாள். நான் ஒரு வரி எழுதிக் காட்டினேன்.

"நல்லா எழுதியிருக்கே," என்றாள்.

பத்து மாதமாக நான் காத்துக் கிடந்த சொல். அதைச் சொல்லும்போது அவள் கண், திறந்திருந்த வாசல் வழியே, பலகை மாட்டிய எதிர்வீட்டு மூடிய கதவின் மேல் இருந்தது. நோட்டை அவள் பார்க்கவே இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுவாள் என்று அடுத்த வரியை எழுத ஆரம்பித்தேன்.